நடுக்குவாதமும் மூளையின் கனவளவும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றி இங்கே பேசவேண்டுமென எமது செயலாளர் பணித்தபோது, எதைப் பேசுவதென்று நாம் நெடுநேரம் எண்ணவில்லை. எமது வீட்டிலேயே நாம் கண்ட ஒரு நோயும், அந்நோயை முன்னிட்டு நாம் செய்த ஒரு பிழையும் நினைவுக்கு வந்தன. அப்பிழையிலிருந்து தொடங்குவதே முறையென்று கருதுகிறோம்.

எமது தாயாரின் தந்தையாரை நாம் அப்பு என்றே அழைப்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். அவருடைய கையெழுத்து ஊரறிந்தது. விண்ணப்பம் எழுதவேண்டுமென்றால் அயலவர் அவரிடமே வருவர். அவ்வெழுத்து ஓராண்டிலே சிறுக்கத் தொடங்கிற்று. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாயிருக்கும். வரி முடியும்போது எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடும். அடுத்து, அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. குரல் தாழ்ந்தது. நடக்கும்போது வலக்கை வீசாது. சட்டைத் தெறி பூட்டுவதற்குப் பத்து நிமிடம் வேண்டும். படலையடிக்கு வந்ததும் கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். “அப்பு, கெதியாய் வாங்கோ, பஸ் போகப்போகுது” என்று பின்னால் நின்று அவசரப்படுத்தியவர்கள் நாமே.

கை நடுக்கம் அவருக்குப் பெரிதாக இருக்கவில்லை. ஆதலால் இது ஒரு நோய் என்ற எண்ணமே எவருக்கும் வரவில்லை. ஈற்றில் வைத்தியசாலை ஒன்றிலே மூளையைப் படம் பிடித்தனர். வயதுக்கேற்ற சிறு சுருக்கமன்றி வேறு மாற்றம் எதுவும் இல்லையென அறிக்கை வந்தது. வீட்டிலே எல்லோரும் ஆறுதலடைந்தோம். ஆறுதலைத் தொடர்ந்து கடுமையும் வந்தது. அன்று மாலை நாம் அவரிடம் சென்று, “அப்பு, படத்திலை ஒண்டுமில்லையாம். நீங்கள்தான் மனம் வைச்சு நடக்கவேணும்” என்றோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார். முகத்திலே கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அம்முகத்தை நாம் அலட்சியம் என்று படித்தோம். பிழையாகப் படித்தோம்.

படத்திலே ஒன்றுமில்லாதபோது அவருடைய மூளையில் நேர்ந்திருந்தது யாது? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட வினா.

இந்நோயை முதன்முதல் தெளிவாக எழுதிவைத்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர். அவர் 1755ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் பிறந்தவர். இலண்டனைச் சார்ந்த ஹொக்ஸ்ரன் என்னும் இடத்திலே வைத்தியம் செய்துவந்தார். 1817இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஆறு நோயாளரைப் பற்றிக் கூறுகிறார். அவர்களுட் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களல்லர். தெருவிலே போகும்போது அவர் கண்ணிற் பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எக்ஸ் கதிரும் இல்லை, மின்சாரக் கருவியும் இல்லை. குனிந்த உடல், முன்னோக்கி ஓடுவது போன்ற நடை, ஓய்ந்திருக்கும் கையிலே தோன்றும் நடுக்கம் ஆகிய இவற்றைக் கண்ணாற் கண்டே அவர் இதனைத் தனியொரு நோயென்று தெளிந்தார். பின்னர் பாரிசு நகரத்துச் சல்பேற்றியர் வைத்தியசாலையில் விளங்கிய சார்க்கோ என்னும் பேரறிஞர், எல்லா நோயாளருக்கும் நடுக்கம் இருப்பதில்லை என்பதை எடுத்துக்காட்டி, இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே இடலாம் என்றார். எமது அப்புவுக்கு நடுக்கம் இல்லாமையால் நோயும் இல்லையென்று நாம் கருதியது, நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தப்பட்ட தவறாகும்.

இனி, நோயின் இருப்பிடத்தை நோக்குவோம். மூளையின் அடியிலே, தண்டு போன்ற பகுதியின் மேல்முனையில் நடுமூளை இருக்கிறது. அதனைக் குறுக்கே வெட்டினால் இருபுறமும் கருநிறக் கீற்றொன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். இலத்தீன் மொழியிலே ‘கரும்பொருள்’ என்று பொருள்படச் சப்ஸ்ரான்சியா நைக்ரா என்பர். நாமும் கரும்பொருள் என்றே கூறுவோம். பார்க்கின்சன் நோயுடன் இறந்தவர்களின் மூளையில் இக்கரும்பொருளின் கலங்கள் அழிந்திருப்பதை 1919இல் பாரிசிலே திரெத்தியாக்கொவ் என்னும் இளம் ஆய்வாளர் தமது பட்ட ஆய்விலே காட்டினார். அதற்கு முன் 1912இல் லூயி என்னும் ஜேர்மன் அறிஞர் இந்நோயாளரின் மூளைக் கலங்களுக்குள்ளே சில உருண்டைகளைக் கண்டிருந்தார். அவ்வுருண்டைகள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இக்கலங்கள் செய்யும் தொழில் என்ன? டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கி, நீண்ட நரம்பு நார்களின் வழியே மூளையின் உட்புறத்துள்ள வேறொரு பகுதிக்கு அனுப்புவதே. அப்பகுதியின் ஒரு கூறுக்குப் பியூற்றேமன் என்று பெயர். கொட்டையின் ஓடு என்பது அச்சொல்லின் பொருள். எழுந்து நட, கையை வீசு, தெறியைப் பூட்டு என்று நாம் எண்ணாமலே உடல் செய்யும் செயல்களெல்லாம் ஒழுங்காய் நடைபெற அங்கே டோபமின் வேண்டும். 1960இல் வியன்னா நகரத்திலே ஏறிங்கர், ஹோர்னிக்கியேவிச் என்னும் இருவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையிலே இவ்விடத்தில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினர். அடுத்த ஆண்டே லெவோடோபா என்னும் மருந்து நோயாளருக்கு ஏற்றிப் பார்க்கப்பட்டது. 1967இல் அமெரிக்காவிலே கொற்சியாஸ் என்பவர் அதனை வாய்வழியாகப் பெருமளவிற் கொடுத்துப் பயன் கண்டார்.

எமது அயலிலே பூனைக்காலி என்று ஒரு கொடி உண்டு. அதன் விதையிலே இதே லெவோடோபா இருப்பதை 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். இதைக் கேட்டுப் பெருமை கொள்வது தகும்; ஆனால் விதையை இடித்துக் குடிப்பது தகாது. மருந்தின் அளவு நாளுக்கு நாள், வேளைக்கு வேளை வைத்தியரால் நிதானித்துக் கொடுக்கப்படவேண்டியது.

இறந்தோர் மூளையைப் பார்த்தே இவையெல்லாம் அறியப்பட்டன. உயிருடன் இருப்பவரின் மூளையை அளப்பது எங்ஙனம்? அதற்கு வழி திறந்தது காந்தப் பரிவுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ. 1970களிலே லோற்றர்பர், மான்ஸ்பீல்ட் என்னும் இருவர் செய்த ஆய்வுகள் இதற்கு அடிப்படை. 2003இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இங்கே எக்ஸ் கதிர் இல்லை. உடலிலுள்ள நீரின் ஐதரசன் கருக்கள் வலிய காந்தப் புலத்தினுள்ளே வானொலி அலைகளுக்கு மறுமொழி கூறுகின்றன. அம்மறுமொழியைக் கொண்டே படம் அமைக்கப்படுகிறது.

மூளையின் கனவளவை அளக்கும் முறை மிக எளிய எண்ணத்தில் அமைந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீற்றர் உள்ள சிறு கனசதுரங்களாக மூளை முழுவதையும் பிரித்துவிட்டதாகக் கருதுங்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கனசதுரங்கள் கிடைக்கும். அவற்றுள் பியூற்றேமனைச் சேர்ந்தவை எத்தனை, மூளையின் வெளிப்பட்டையைச் சேர்ந்தவை எத்தனை என்று கணினி எண்ணிச் சொல்கிறது. நெல்லை மரைக்காலால் அளப்பது போன்றதே இது. மரைக்கால்தான் மிகமிகச் சிறியது. ஒரு பக்கத்துப் பியூற்றேமன் ஏறக்குறைய 4 அல்லது 5 கன சென்ரிமீற்றர். ஒரு தேக்கரண்டியில் அடங்கும். கரும்பொருளோ அதனினும் மிகச் சிறியது.

எண்ணிய தொகையை அப்படியே ஒப்பிடலாகாது. பெரிய தலை உடையவருக்கு எல்லாப் பகுதிகளும் பெரிதாயிருக்கும். முதுமையிலே நோயற்றவரின் மூளையும் சுருங்கும். ஆகவே தலையின் அளவு, வயது, ஆண் பெண் என்ற வேறுபாடு ஆகியவற்றுக்கு ஈடுசெய்த பின்னரே நோயாளரையும் நோயற்றோரையும் ஒப்பிடுவர்.

அவ்வாறு ஒப்பிட்டுக் கண்டதென்ன? பல நாட்டு ஆய்வாளர்கள் தம் படங்களை ஒன்றுசேர்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே 2,357 நோயாளரும் நோயற்ற 1,182 பேரும் இடம்பெற்றனர். மூளையின் வெளிப்பட்டையை 68 பகுதிகளாக வகுத்துப் பார்த்ததில், 38 பகுதிகள் நோயாளரிடத்திலே சராசரியாக மெலிந்திருந்தன. இருபக்கத்துப் பியூற்றேமனும் சிறுத்திருந்தன. வாதுமைப் பருப்பைப் போன்றதாகையால் அமிக்டலா எனப் பெயர்பெற்ற, அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதியும் இடப்பக்கத்திலே சிறுத்திருந்தது. ஆனால் இடப்பக்கத்துத் தலமசு என்னும் பகுதி, சுருங்குவதற்குப் பதிலாகச் சற்றே பெருத்திருந்தது! இதன் காரணம் பற்றி ஆய்வாளர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

நோயின் படிகளை ஐந்தாக வகுப்பது 1967 முதல் வழக்கில் உள்ளது. ஹோன், யார் என்னும் இருவர் வகுத்த முறை அது. முதற்படியில் உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படும். ஐந்தாம் படியில் பிறர் உதவியின்றி எழுந்து நடக்க இயலாது. மேற்கூறிய ஆய்விலே வெளிப்பட்டையின் மெலிவு முதலில் பின்புறத்தும் பக்கங்களிலும் காணப்பட்டு, நோய் முற்றியவரிடத்தே முன்புறமும் பரவியிருந்தது. பியூற்றேமனும் அமிக்டலாவும் இரண்டாம் படி முதலாகப் படிக்குப் படி மேலும் சிறுத்திருந்தன. நினைவும் சிந்தனையும் தளர்ந்தவர்களிடத்தே மெலிவு பரந்து காணப்பட்டது. எனவே பார்க்கின்சன் நோய் கைகால்களை மட்டும் பற்றியது என்ற பழைய கருத்து பொருந்தாது. அது காலப்போக்கில் மூளை முழுவதிலும் தன் சுவட்டைப் பதிக்கும் நோயாகும்.

இவ்விடத்திலேதான் நாம் உங்கள் கவனத்தைச் சிறப்பாக வேண்டுகிறோம். பியூற்றேமன் சிறுத்திருந்தது என்றோம். எவ்வளவு சிறுத்திருந்தது? அவ்வேறுபாட்டைக் கணித முறையில் நாம் இவ்வாறு விளக்கலாம். ஒரு நோயாளரையும் நோயற்ற ஒருவரையும் சோடியாக நிறுத்துங்கள். இப்படி நூறு சோடிகள். இரண்டிலும் சிறிய பியூற்றேமன் நோயாளருடையதாக இருப்பது ஏறக்குறைய 54 சோடிகளிலேதான். மற்றை 46 சோடிகளில் நோயற்றவருடையதே சிறியது! நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பது சரியாகும் அன்றோ? ஆயிரக்கணக்கானோரை ஒன்றுசேர்த்தால் மட்டுமே வெளிப்படும் உண்மை இது. தனியொருவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு சிறிதாயிருக்கிறது, ஆகவே நோய் உண்டு என்றோ, அளவு சரியாயிருக்கிறது, ஆகவே நோய் இல்லை என்றோ கூறுவதற்கு இச்சராசரி இடந்தரவில்லை.

அன்றியும், நோயின் முதற்காலத்தில் அழிவது எது? கரும்பொருளின் கலங்கள். அவை மிகச் சிறிய இடத்தில் உள்ளவை. அவற்றுள் பெரும்பகுதி அழிந்த பின்னரே நடை தளர்வதும் எழுத்துச் சிறுப்பதும் வெளித்தோன்றுகின்றன. எனினும் வழமையாகப் பிடிக்கும் படத்தில் அவ்வழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. கலங்களிலுள்ள கருநிறப் பொருளையே தனித்துக் காட்டும் ஒருவகைப் படத்தை 2006இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். அத்தகைய படத்திலே நோயாளரின் கரும்பொருள் மங்கியும் குறுகியும் தோன்றுகிறது. ஆனால் அது எல்லா வைத்தியசாலைகளிலும் வழக்கமாகப் பிடிக்கப்படுவதன்று.

அப்படியாயின் வைத்தியர்கள் வழமையான படத்தைப் பிடிப்பது எதற்கு? வேறு நோய்கள் இல்லையென்று தெளிவதற்கே. பார்க்கின்சன் நோயைப் போலத் தோன்றும் வேறு சில நோய்கள் உண்டு. 1964இல் கனடா நாட்டு ஸ்ரீல், றிச்சட்சன், ஒல்செவ்ஸ்கி என்போர் விவரித்த நோயொன்றிலே, கண்ணை மேலும் கீழும் அசைப்பது கடினமாகும். நோயாளர் அடிக்கடி பின்புறமாக விழுவர். அந்நோயில் நடுமூளை பெரிதும் சுருங்கிவிடும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்திலே அது நீண்ட அலகுடைய தேன்சிட்டுப் போலத் தோன்றும். அத்தகைய சுருக்கம் தனியொருவரின் படத்திலேயே கண்ணுக்குத் தெரியும். மூளைக்கட்டி, இரத்த அடைப்பு, மூளையில் நீர் தேங்குதல் முதலியனவும் அவ்வாறே தெரியவரும். ஆகவே “படத்தில் ஒன்றுமில்லை” என்ற சொல்லுக்கு, “படத்திலே தெரியக்கூடிய அந்நோய்கள் இல்லை” என்பதே பொருள். நாம் அதனை “நோயே இல்லை” என்று மொழிபெயர்த்துக் கொண்டோம். அறிக்கையிலே பிழையில்லை, வாசித்த எம்மிடத்திலேயே பிழை இருந்தது.

சில மாதங்களின் பின் நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் அப்புவை அழைத்துச் சென்றோம். அவர் முதலிலே படத்தைக் கேட்கவில்லை. அப்புவை நடக்கச் சொன்னார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரைவாகத் தட்டச் சொன்னார். கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். கடதாசியொன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். மணம் தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா, உறக்கத்திலே கனவு கண்டு கைகால் உதறுவதுண்டா என்று வினாவினார். பல ஆண்டுகளாகவே தமக்குக் கோப்பி மணப்பதில்லை என்று அப்பு அப்பொழுதுதான் சொன்னார். நாம் ஒருபோதும் கேட்டதில்லை. 2003இல் ஜேர்மனியிலே பிராக் என்னும் பேராசிரியர், நோயின் சுவடு பலரிடத்தே மணத்துக்குரிய நரம்புப் பகுதியிலும் மூளைத்தண்டின் கீழ்ப்புறத்திலும் முதலில் தோன்றிக் கரும்பொருளை நோக்கி மேலேறுகிறது என்று காட்டினார். எல்லா நோயாளரும் இவ்வொழுங்கில் அடங்குவர் என்பதற்கில்லை. ஆயினும் அந்நிபுணர் கேட்ட கேள்விகளின் காரணம் எமக்குப் பின்னர் இதனால் விளங்கிற்று. அரைமணி நேரத்தில் நோய் இன்னதென்று தெளிந்தது. பார்க்கின்சன் 1817இல் செய்ததையே அவரும் செய்தார்: மனிதனைப் பார்த்தார்.

அவ்வாறாயின் கனவளவை அளக்கும் ஆய்வுகள் வீணோ என்று நீங்கள் வினவலாம். வீணல்ல. நோய் எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்பதை உயிருள்ளவரிடத்தே காண அவை வழிசெய்கின்றன. நினைவுத் தளர்ச்சி எவருக்கு வரக்கூடும் என்பதை முன்னறியவும் அவை உதவலாம். நோயின் குறிகளைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் கலங்கள் அழிவதைத் தடுக்கும் மருந்து இன்னும் உறுதியாகவில்லை. அத்தகைய மருந்தொன்று வருமானால், அது உண்மையில் அழிவைத் தாமதப்படுத்துகிறதா என்று ஆராய்வதற்கு இவ்வளவைகளும் துணைசெய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019இல் உலகிலே 85 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது. அத்தனை பேரின் நன்மைக்கு ஆயிரக்கணக்கானோரின் சராசரி வேண்டும். ஆனால் எமது திண்ணையில் இருக்கும் ஒருவருக்குச் சராசரி போதாது.

சகோதர சகோதரிகளே, எமது வீடுகளிலே முதியோர் பலர் உளர். அவருள் எவருக்கேனும் எழுத்துச் சிறுத்தால், ஒரு கை வீசாது நடந்தால், குரல் தாழ்ந்தால், மணம் தெரியாது போனால், முகம் உணர்ச்சியற்றதுபோல் ஆனால், அதனை முதுமையென்றோ பிடிவாதமென்றோ தள்ளிவிடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளிசையை உரிய நேரத்தில் கொடுங்கள். ஒரு மணி பிந்தினாலும் உடல் விறைத்துப்போகும். நாள்தோறும் நடக்கவும் உடலை அசைக்கவும் துணையாயிருங்கள். கால் நிலத்தில் ஒட்டி நிற்கும்போது பின்னால் நின்று அவசரப்படுத்தாதீர்கள். நிலத்திலே குறுக்குக் கோடுகள் இட்டால், அக்கோட்டைத் தாண்டுவதாக எண்ணிப் பலர் அடியெடுத்து வைப்பர்; தாளம் போட்டாலும் அப்படியே. நாம் எமது படலையடியிலே வெண்கட்டியால் ஆறு கோடுகள் கீறினோம். மழை அழித்தால் மறுபடியும் கீறுவோம். அப்பு அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டித் தெருவுக்குப் போவார்.

முகத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இந்நோயிலே முகத்துத் தசைகள் அசையாது விறைக்கின்றன, உள்ளம் விறைப்பதில்லை. மகிழ்ச்சியும் நோவும் உள்ளே இருக்க, முகம் அதைக் கூறாது நிற்கும். ஆகவே முகத்தைப் பாராது வாயாற் கேளுங்கள். மறுமொழி வரும்வரை காத்திருங்கள். அது மெல்லத்தான் வரும்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களின் பின் ஒருநாள், அப்பு கொப்பியொன்றை எடுத்துத் தமது பெயரை எழுதினார். எழுத்துப் பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் வாசிக்கக்கூடியதாயிருந்தது. அன்று அவர் அருகிலிருந்து, முன்பு நாம் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் மறுமொழி இல்லை. இம்முறை நாம் காத்திருந்தோம். “படம் அப்பிடிச் சொன்னால் நீ என்ன செய்வாய், பிள்ளை” என்றார். கடந்த ஆண்டு அவர் காலமானார். அக்கொப்பி எம்மிடமே இருக்கிறது.

அவருக்கு நாம் சொன்னதை இன்னொரு வீட்டிலே இன்னொரு பிள்ளை சொல்லாதிருக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் கூறினோம்.